அக்காவின் குடை

போன மே மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில், அக்கா வீட்டு மொட்டை மாடியில் வைத்து, பாப்பா என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். பாப்பா என் அக்கா மகள். பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டது, காலேஜ் இன்னும் திறக்கவில்லை. கரண்ட் இல்லாத ராத்திரி. ஆண்டாள் கோயில் கோபுரத்தின் உச்சியில் மட்டும் விளக்கு எரிந்தது. அவள் போனைப் பார்த்துக்கொண்டே, சாதாரணமாகக் கேட்டாள்.

"மாமா, அம்மாவுக்கு வந்தது எனக்கும் வருமா?"

நான் பதினான்கு வருடமாக சாஃப்ட்வேர் எழுதுகிறேன். தெரியாத கேள்விக்கு மீட்டிங்கில் எப்படிப் பதில் சொல்வது என்று நன்றாகத் தெரியும். "சாப்பிட்டுட்டுச் சொல்றேன்" என்றேன். சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டேன்.

அக்காவுக்கு மல்டிபிள் ஸ்க்லரோசிஸ். சுருக்கமாக எம்.எஸ். உடம்பின் நோய் எதிர்ப்பு அமைப்பே மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளின் மேலுறையைத் தாக்கும் நோய். இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். "எழுது. பேரு மட்டும் போடாத" என்றாள்.

2013 சித்திரையில் ஆரம்பித்தது. அப்போது அவளுக்கு 28 வயது, பாப்பாவுக்கு ஐந்து. ஒரு நாள் காலை வலது கண்ணை அசைத்தால் வலித்தது. மறுநாள் அந்தக் கண் மங்கியது. இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் குங்குமம் செங்கல் பொடி மாதிரி வெளிறித் தெரிகிறது என்றாள். முதலில் பார்த்த கண் மருத்துவர் பவர் மாற்றிக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார். மூன்று வாரத்தில் பார்வை தானாகவே திரும்பியது. கண்ணாடி நல்ல கண்ணாடி என்று எல்லோரும் சொன்னோம்.

எட்டு மாதம் கழித்து இடுப்புக்குக் கீழே மரத்துப்போனது. யாரோ கயிற்றைச் சுற்றி இறுக்குவது போல இருக்கிறது என்றாள். மதுரைக்குக் கூட்டிப் போனோம். எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீரை எடுத்தார்கள். நரம்பியல் மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் மாட்டி வெள்ளை வெள்ளையாக இருந்த புள்ளிகளைக் காட்டினார். நரம்புக்கு மேலே மயலின் என்று ஓர் உறை உண்டு, அது அங்கங்கே உரிந்திருக்கிறது, அதனால் சிக்னல் சரியாகப் போகவில்லை என்று விளக்கினார்.

என் அப்பா ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் 31 வருடம் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்துக் காயில் கட்டுவது அவர் வேலை. அந்த அறையில் இருந்த ஐந்து பேரில் அவருக்குத்தான் சட்டென்று புரிந்தது.

"அப்ப இன்சுலேஷன் போயிருச்சு. சரி, உள்ள இருக்குற வயர் நல்லா இருக்கா டாக்டர்?"

மருத்துவர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இப்போதைக்குப் பெரும்பாலும் நல்லா இருக்கு. எவ்வளவு நாள் தாங்கும்கிறது ஆளுக்கு ஆள் மாறும். அதை முன்கூட்டியே சொல்ல எங்ககிட்ட வழி இல்ல."

அந்தக் கேள்வியின் மதிப்பு எனக்குப் பத்து வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அப்போது அப்பா இல்லை. 2020ல் போய்விட்டார்.

இந்த நோயை 1868ல் பாரிஸின் சால்பேட்ரியர் மருத்துவமனையில் இருந்த ஷார்கோ தெளிவாக விவரித்தார். அதற்குப் பிறகு வெகுகாலம் மருத்துவ உலகத்தின் கவனமெல்லாம் உறையின் மேலேயே இருந்தது. மயலின் உரியும் இடங்களில் உள்ளே இருக்கும் நரம்பிழையும் அறுந்துபோகிறது என்பதை 1998ல்தான் அமெரிக்க ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் தெளிவாகக் காட்டினார்கள். உறை ஓரளவுக்குத் திரும்ப வளரும். அதனால்தான் அக்காவின் கண் திரும்பி வந்தது. அறுந்த இழை திரும்புவதில்லை.

நோயின் பெயர் வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கேள்வியோடு உட்கார்ந்துவிட்டோம். என் கேள்வி, ஏன் இங்கே என்பது. எம்.எஸ். குளிர் நாடுகளின் நோய் என்றுதான் படித்த எல்லா இடத்திலும் இருந்தது. பூமத்திய ரேகையை விட்டு விலக விலக நோயாளிகளின் எண்ணிக்கை கூடும். ராஜபாளையம் ஒன்பதரை டிகிரி வடக்கு. இந்த வெயிலில் அது எப்படி வந்தது?

வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது, நாம் எண்ணவில்லை என்பதே பதிலின் ஒரு பகுதி. எம்.ஆர்.ஐ. மெஷின் இல்லாத ஊரில் இது வாதம், பலவீனம், பி12 குறைபாடு, சில வீடுகளில் செய்வினை. மங்களூரில் லேகா பண்டிட் என்ற நரம்பியல் மருத்துவர் தன் குழுவோடு அந்தப் பகுதி நோயாளிகளைக் கணக்கெடுத்து 2014ல் வெளியிட்டபோது, லட்சத்துக்கு 8 பேருக்குச் சற்று மேல் என்று வந்தது. இந்தியாவுக்கு அதுவரை சொல்லி வந்த எண்ணைவிட இது பல மடங்கு. மும்பைப் பார்சிகளிடம் இந்நோய் கூடுதலாக இருப்பதை நோஷிர் வாடியா 1990லேயே எழுதியிருக்கிறார்.

இன்னொரு குழப்பமும் உண்டு. கண்ணையும் தண்டுவடத்தையும் குறிவைக்கும் நியூரோமைலிட்டிஸ் ஆப்டிகா என்ற வேறொரு நோயை ஆசியாவில் ரொம்ப காலம் எம்.எஸ்.ஸின் ஒரு வகை என்றே நினைத்திருந்தார்கள். அதற்கான எதிரணுவை 2004ல் மேயோ கிளினிக் குழு கண்டுபிடித்த பிறகுதான் இரண்டும் பிரிந்தன. எம்.எஸ்.ஸுக்குத் தரும் சில மருந்துகள் அந்த நோயை மோசமாக்கிவிடும். அக்காவுக்கும் அந்த ரத்தப் பரிசோதனை செய்தார்கள். இல்லை என்று வந்தது. ஒரு நோய் இல்லை என்று தெரிந்ததற்காக ஆஸ்பத்திரி வராந்தாவில் டீ வாங்கிக் குடித்தோம்.

அம்மாவின் கேள்வி, யாரால் என்பது. அவள் அதை வாய்விட்டுக் கேட்கவே இல்லை, பதிலோடுதான் இருந்தாள். அப்பா அவளுக்கு அத்தை மகன்.

"சொந்தத்துல கட்டாதன்னு உங்க பெரியப்பா அன்னைக்கே சொன்னாக. நாந்தான் கேக்கல. அது புள்ளையில வந்து விடிஞ்சிருச்சு."

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கணக்குப் புரிவதற்கு ஒரு காரணம், ராஜபாளையம் நாய். 2005ல் தபால்தலை வெளியிட்ட நான்கு இந்திய நாய் இனங்களில் அதுவும் ஒன்று. மொத்தமும் வெள்ளை, மூக்கு ரோஸ். எதிர் வீட்டு மாமா குட்டி போடவிட்டு விற்பார். பிறந்து சில வாரம் ஆனதும் குட்டிகளுக்குப் பின்னால் போய்க் கையைத் தட்டுவார். சில குட்டிகள் திரும்பும். சிலது திரும்பாது, பாட்டுக்குத் தட்டை நக்கிக்கொண்டிருக்கும். அதற்குக் காது கேட்காது. வெள்ளை வெள்ளையாகப் பொறுக்கி இணைசேர்த்ததில் அதுவும் கூட வந்துவிட்டது. தோலுக்கு நிறம் தரும் செல்கள் உள்காதிலும் வேண்டும், அவை இல்லாமல் போனால் கேட்கும் செல்கள் செத்துப்போகும். சின்ன வயதில் நானும் அந்த மாமாவோடு சேர்ந்து கை தட்டியிருக்கிறேன். ரத்தத்துக்குள்ளேயே கட்டினால் இப்படித்தான் என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த அறிவியல்.

சில நோய்களுக்கு அம்மாவின் கணக்கு சரியாகவே பொருந்தும். கணவன் மனைவி இருவருக்கும் ஒரே தாத்தாவிடமிருந்து ஒரு ஜீனின் ஒரே பழுதான பிரதி வந்திருக்கும். ஒரு பிரதி இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. பிள்ளைக்கு இரண்டும் பழுதாகச் சேரும்போது நோய் வரும். எம்.எஸ். அந்த வகையில் சேராது. அதற்கென்று ஒற்றை ஜீன் கிடையாது.

1970களிலேயே ஒரு துப்பு கிடைத்திருந்தது. ஆறாவது குரோமோசோமில், எது நம் உடம்பு எது அந்நியம் என்று எதிர்ப்பு அமைப்புக்கு அடையாளம் காட்டும் எச்.எல்.ஏ. ஜீன்கள் இருக்கின்றன. அவற்றில் டி.ஆர்.பி.1*15:01 என்ற ஒரு வடிவம் இருந்தால் நோய்க்கான வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆனாலும் அந்த வடிவம் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு நோய் வருவதே இல்லை. 2019ல் பன்னாட்டுக் கூட்டமைப்பு ஒன்று 47,429 நோயாளிகளின் மரபணுக்களை நோயில்லாத 68,374 பேருடையதோடு ஒப்பிட்டு, மொத்தம் 233 மாற்றங்களைப் பட்டியலிட்டது. பெரும்பாலானவை தனித்தனியே மிகச் சிறியவை. அனேகமாக எல்லாமே நோய் எதிர்ப்புச் செல்களோடு தொடர்புள்ளவை. லேகா பண்டிட்டின் குழு 2016ல் வெளியிட்ட ஆய்வு, ஐரோப்பியர்களிடம் கண்ட இத்தகைய மாற்றங்களில் பல நம் பக்கத்து நோயாளிகளிடமும் அதே திசையில் வேலை செய்வதைக் காட்டியது.

இத்தனையும் சேர்ந்தும் முழுக் காரணம் ஆவதில்லை. அச்சு அசலாக ஒரே மரபணு உள்ள இரட்டையரில் ஒருவருக்கு எம்.எஸ். வந்தால் மற்றவருக்கு வருவது ஏறத்தாழ நான்கில் ஒரு தடவைதான். ஒரே கோட், இரண்டு சர்வர், ஒன்று மட்டும் விழுகிறது. எங்கள் தொழிலில் இது தினமும் நடப்பதுதான். அப்போது கோடைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, அந்த சர்வருக்கு என்னென்ன வந்து சேர்ந்தது என்று லாகைப் பார்ப்போம். 2022 ஜனவரியில் அப்படி ஒரு லாக் வெளியானது. அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளையும் சேமித்து வைத்திருந்த ரத்த மாதிரிகளையும் பார்த்ததில், எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றிய பிறகு எம்.எஸ். வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடியிருந்தது. அந்த வைரஸ் உலகத்தில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் எப்போதாவது தொற்றிவிடுகிற ஒன்று.

அந்த வருடம் பொங்கலுக்குப் போயிருந்தபோது அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். பாதி நேரம் அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அப்ப எங்களால இல்லைங்கிறியா?"

"சொந்தத்துல கட்டினதால இல்லம்மா. உன்கிட்ட இருந்து கொஞ்சம், அப்பாகிட்ட இருந்து கொஞ்சம், அதுக்கு முன்னாடி இருந்தவங்ககிட்ட இருந்து கொஞ்சம். அதுல பாதி எனக்கும் வந்திருக்கும். கூட ஒரு வைரஸ். கூட இன்னும் என்னென்னவோ."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அன்று ராத்திரி மூன்றாவது தோசை கேட்டாள். ஒன்பது வருடமாக அவள் இரண்டோடு எழுந்துவிடுவதை அப்போதுதான் கவனித்தேன்.

அக்காவின் கேள்வி வேறு. ஏன் வந்தது, யாரால் வந்தது என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. "இது எங்க போய் நிக்கும்னு மட்டும் பாத்துச் சொல்லுடா" என்பாள். அப்பா கேட்டதும் இதுதான்.

எம்.எஸ்.ஸின் போக்கு ஆளுக்கு ஆள் நம்ப முடியாத அளவுக்கு மாறும். இருபது வருடம் கழித்தும் ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். சில வருடங்களிலேயே படுக்கையில் விழுந்தவர்களும் இருக்கிறார்கள். இதை அளக்க நரம்பியல் மருத்துவர்கள் வைத்திருக்கும் அளவுகோல், ஜான் கர்ட்ஸ்கே என்பவர் 1983ல் விரிவாக்கி வெளியிட்டது. பூஜ்யத்திலிருந்து பத்து வரை. நான்கு என்றால் துணையில்லாமல் 500 மீட்டர் நடக்கலாம். ஐந்து என்றால் 200. ஆறு என்றால் ஒரு கைத்தடியோடு 100 மீட்டர். உலகம் முழுக்க எம்.எஸ். ஆய்வுகளில் இந்த ஆறு ஒரு பெரிய மைல்கல். கம்பு எடுத்த நாள்.

அக்காவுக்கு இந்த எண்கள் தேவைப்படவில்லை. வீட்டு வாசலிலிருந்து தேரடி வரைக்கும் அவளுடைய ஸ்கேல். 2016ல் தேரடி போய்க் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பி வந்தாள். 2019ல் போகும்போது ஒரு கடைத் திண்ணையில் உட்கார்ந்து எழுந்தாள். 2021ல் சுவரைப் பிடித்தாள்.

2023 ஜூனில் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வந்தது. ஆபீஸில் இருந்தபோது கண்ணில் பட்டது, டெப்ளாய்மென்ட்டை நடுவில் விட்டுவிட்டுப் படித்தேன். யாருக்கு நோய் வரும் என்று தேடிய அதே கூட்டமைப்பு, இன்னொரு குழுவோடு சேர்ந்து, வந்தவர்களில் யாருக்கு வேகமாக முற்றும் என்று தேடியிருந்தது. 12,584 நோயாளிகளிடம் தேடி, இன்னும் 9,805 பேரிடம் சரிபார்த்திருந்தார்கள். கிடைத்தது ஒரே ஓர் இடம். இரண்டாவது குரோமோசோமில் டி.ஒய்.எஸ்.எஃப்., இசட்.என்.எஃப்.638 என்ற இரண்டு ஜீன்களை ஒட்டி ஓர் எழுத்து மாற்றம். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் அந்த எழுத்தை வாங்கி வந்தவர்கள், மற்றவர்களைவிட இடைநிலைக் கணக்கில் 3.7 வருடம் முன்னதாகக் கம்பு எடுக்கிறார்கள்.

என்னை உலுக்கியது அந்த எண்ணைவிட, அந்த இடம் எந்தப் பக்கம் கைகாட்டியது என்பது. நோய் வருவதற்கான 233 மாற்றங்கள் எதிர்ப்பு அமைப்பைச் சேர்ந்தவை. நோய் முற்றுவதற்கான மரபணுச் சாடைகளோ மூளை, தண்டுவடம் பக்கம் இருந்தன. உறையை உரிப்பது ஒரு கும்பல். உரிந்த பிறகு உள்ளே இருப்பது எவ்வளவு தாங்குகிறது என்பது தனி விஷயம், அதற்குத் தனி ஜீன்கள். அதே கட்டுரையில் இன்னொன்றும் இருந்தது. அதிக வருடம் படித்தவர்களுக்கு நோய் மெதுவாகவும், புகைப்பவர்களுக்கு வேகமாகவும் போவதற்கான மரபணு வழிச் சான்று. மூளைக்குள் சேர்த்து வைத்த இருப்பு ஏதோ தாங்கிப் பிடிக்கிறது.

உள்ள இருக்குற வயர் நல்லா இருக்கா டாக்டர்? பத்து வருடம் முன்பு மதுரையில் ஓர் எலக்ட்ரீஷியன் கேட்டதைத்தான் இருபதாயிரத்துச் சொச்சம் பேரை வைத்துக் கேட்டிருந்தார்கள். அன்று மாலை போன் செய்து சொல்ல ஆள் இல்லை.

அடுத்து நான் செய்ததை ஒரு எஞ்சினியர் புத்தி என்றுதான் சொல்ல வேண்டும். எச்சிலை வைத்து மரபணு பார்க்கும் கிட் ஒன்றை வரவழைத்தேன். "எச்சிதானே, துப்பித் தர்றேன்" என்று அக்கா சிரித்துக்கொண்டே குப்பியை நிரப்பினாள். ஏழெட்டு வாரத்தில் ரிப்போர்ட் வந்தது. உனக்குக் கொத்தமல்லி வாசனை பிடிக்காது என்கிற மாதிரியான விஷயங்கள். அதை ஒதுக்கிவிட்டு மூலக் கோப்பை இறக்கினேன். ஆறு லட்சத்துக்கும் மேல் வரிகள். வரிக்கு ஓர் இடம், இடத்துக்கு இரண்டு எழுத்து. என் அக்கா.

ராஜபாளையம் வீட்டில், அம்மா தூங்கிய பிறகு, அந்த ஒரு இடத்தின் எண்ணை அடித்தேன். ஆர்எஸ்10191329. கிரெப் கமாண்ட். என்டர் தட்டுவதற்கு முன்னால் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

ஒன்றும் வரவில்லை. எண்ணைத் தப்பாக அடித்தேனா என்று பார்த்து மறுபடி தட்டினேன். பூஜ்யம். அந்த நிறுவனத்தின் சிப் அந்த இடத்தைப் படிப்பதே இல்லை. மரபணுவில் 300 கோடி எழுத்து, அவர்கள் படிப்பது ஆறு லட்சத்துச் சொச்சம்.

அக்கம்பக்கத்து எழுத்துகளை வைத்து விடுபட்டதை ஊகிக்கும் முறை ஒன்று உண்டு. எனக்குச் செய்யத் தெரியும், ஒரு வார இறுதி போதும். லேப்டாப்பை மூடினேன். அந்த நேரத்தில் எனக்குள் வந்தது ஏமாற்றம் என்று நினைத்தேன். மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்ற பிறகுதான் அது நிம்மதி என்று புரிந்தது. எனக்குத் தெரிந்துகொள்ளும் ஆசையே இல்லை. அந்த எழுத்து இருந்தது என்று வைத்துக்கொண்டால், அதை வைத்துக்கொண்டு அக்காவிடம் எப்படிப் பேசுவேன்? அவளுடைய மருந்து அதனால் மாறப் போவதில்லை. அந்த 3.7ம் ஐரோப்பிய வம்சாவளியினரை வைத்து எடுத்தது.

காலையில் அவளுக்குப் போன் செய்தேன்.

"என்னடா, கம்ப்யூட்டர் என்ன சொல்லுது?"

"அந்த வரியே உன் ஃபைல்ல இல்லக்கா."

"நல்லதாப் போச்சு. சோலி முடிஞ்சது."

அந்த 3.7 வருடத்தில் எனக்கு உறுத்திய இன்னொரு விஷயம் உண்டு. அதற்குக் குடையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எம்.எஸ். உள்ளவர்களுக்கு உடல் சூடு ஏறினால் பழைய அறிகுறிகள் தற்காலிகமாகத் திரும்பி வரும். 1890ல் ஊட்டாஃப் என்ற ஜெர்மானிய கண் மருத்துவர் இதை எழுதினார். உறை உரிந்த நரம்பு சூட்டில் சிக்னலைத் தவறவிடுகிறது. எம்.ஆர்.ஐ. வருவதற்கு முந்தைய காலத்தில் வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்து நோயைக் கண்டுபிடித்தார்கள். விருதுநகர் மாவட்டத்தில் தொட்டி வேண்டாம். சித்திரையில் அடுப்படியில் கால் மணி நேரம் நின்றால் அக்காவின் வலது கண் மங்கும். ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சமைப்பாள். வெளியே போனால் குடை.

அத்தானுடைய அப்பா வைத்திருந்த நீளமான கறுப்புக் குடை, வளைந்த மரக் கைப்பிடி. 2022ல் மருத்துவர் கம்பு வைத்துக்கொள்ளச் சொன்னார். அவள் கம்பு வாங்கவில்லை. குடையை மடக்கி ஊன்றிக்கொண்டு போக ஆரம்பித்தாள். வெயில் சுள்ளென்று அடிக்கும்போது, குடையை விரிக்காமல் தரையில் குத்திக் குத்தி நடக்கிற பெண்ணை அந்தத் தெருவில் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டால், "மூட்டு வலி". நாற்பது வயசு நெருங்குதுல்ல என்பார்கள்.

பதினொரு வருடம் எங்கள் குடும்பம் இந்த நோயை மூட்டு வலி என்றே வெளியே சொன்னது. 2016ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் எம்.எஸ்.ஸும் ஒன்று. சான்றிதழ் வாங்கினால் சலுகைகள் உண்டு. அக்கா வாங்கவில்லை. காரணத்தை ஒரே ஒரு தடவை சொன்னாள். "பாப்பாவுக்கு ஒரு கல்யாணம் காட்சின்னு வரும்போது, அம்மாவுக்கு என்ன நோயின்னு கேப்பாக. பரம்பரையில வருமான்னு கேப்பாக."

என் மனம் உடனே அந்தக் கட்டுரையின் அட்டவணைக்குப் போனது. அக்கா அதில் ஒரு வரியாக இருந்திருந்தால் கம்பு எடுத்த வருடம் என்ற இடத்தில் எதை எழுதியிருப்பார்கள்? கால் கேட்டது 2022ல். தெரு விட்டது 2025ல். நடுவில் உள்ள மூன்று வருடத்தை எந்த எழுத்து மாற்றத்தின் கணக்கில் சேர்ப்பது? மருத்துவர்கள் நோயாளியை நடக்கவைத்துப் பார்த்துத்தான் மதிப்பெண் போடுகிறார்கள், ஆய்வைக் குறை சொல்லவில்லை. ஆனால் மூன்று வருடம் கம்பு இல்லாமல் நடந்ததில் அக்கா இரண்டு தடவை விழுந்தாள். ஒரு தடவை மணிக்கட்டு முறிந்தது. அதுவும் நோயின் போக்கில்தான் சேர்ந்தது.

பாப்பாவின் கேள்விக்கு ஒரு மாதம் கழித்துப் பதில் சொன்னேன். காலேஜ் அட்மிஷனுக்கு மதுரைக்குக் கூட்டிப் போன பஸ்ஸில், கிருஷ்ணன்கோவில் தாண்டியதும், அவளாக மறுபடி கேட்பதற்கு முன்னால்.

"வரலாம். வராமப் போறதுக்குத்தான் வாய்ப்பு ரொம்ப அதிகம். வெளிநாட்டுக் கணக்குல, அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இருந்தா நூறு பிள்ளைகள்ல ஏறக்குறைய ரெண்டு பேருக்கு வருது. தொண்ணூத்தெட்டுப் பேருக்கு வரல. நம்ம நாட்டுல நோயே கம்மி."

"டெஸ்ட் எடுத்தாத் தெரியுமா?"

"தெரியாது. வருமா வராதான்னு சொல்ற டெஸ்ட் இல்ல. வந்தா எப்படிப் போகும்னு சொல்றதுக்கும் இல்ல. ஆனா உங்கம்மாவுக்கு வந்தப்ப இருந்ததவிட இப்ப மருந்து நிறைய இருக்கு. சீக்கிரம் கண்டுபிடிச்சு ஆரம்பிச்சா நல்லாக் கேக்குது. கண்ணு மங்கினாக் கண்ணாடி மாத்திட்டு விட்றாத, அவ்வளவுதான்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுகிறாளோ என்று நினைத்தேன். இல்லை, கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ரெண்டு பர்சென்ட்டுக்காகவா மாமா அம்மா அந்தக் குடையை வச்சுத் தடுமாறிக்கிட்டு இருக்கு?"

"உனக்குத் தெரியுமா?"

"நான் அந்த வீட்லதான் இருக்கேன்."

திரும்பி வரும்போது மதுரையில் ஒரு சர்ஜிக்கல் கடையில் அவளே ஒரு மடக்குக் கம்பு வாங்கினாள். அலுமினியம், உயரம் கூட்டிக் குறைக்கலாம். என்னிடம் காசு வாங்கவில்லை. அன்று ராத்திரி அதை அக்காவின் கட்டில் ஓரம் சாய்த்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவர்கள் இருவரும் அதைப் பற்றி என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. பேசாமலும் இருந்திருக்கலாம்.

ஆடிப்பூரத்துக்கு நான் லீவ் போட்டு வந்திருந்தேன். காலையில் ஆண்டாள் தேர். தேரடிப் பக்கம் போகும் தெருவெல்லாம் தலைகள். அக்கா வாசலை விட்டு இறங்கினாள், நானும் அத்தானும் இரண்டு பக்கமும் நடந்தோம். நான்கு இடத்தில் நின்றாள். தேரடியில் ஒரு கடை வாசலில் ஸ்டூல் போட்டுக் கொடுத்தார்கள். அத்தான் வழியில் சொந்தக்கார அம்மா ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"என்ன தாயி, கம்பெல்லாம் புடிச்சிருக்க? காலுக்கு என்ன?"

அக்கா ஒரு நொடி பாப்பாவைப் பார்த்தாள். பாப்பா போனில் தேரை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள்.

"எம்.எஸ்.னு ஒரு நோயி சித்தி. நரம்புல. பன்னெண்டு வருசமா இருக்கு."

"அட ஆண்டாளே. மருந்து இருக்கா அதுக்கு?"

"இருக்கு. ஆறு மாசத்துக்கு ஒருக்க மதுரையில போய் ஏத்திக்கிறேன்."

அந்த அம்மா அடுத்து என்ன கேட்கப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. பஸ்ஸில் சொன்ன இரண்டு பர்சென்ட்டை மறுபடி மனதுக்குள் தயார் செய்துகொண்டேன். அதற்குள் வெடி வெடித்தார்கள், வடம் இறுகியது, "கோவிந்தா" என்று தெரு முழுக்க ஒரே சத்தம். எல்லோரும் தேர் பக்கம் திரும்பினார்கள். அக்கா எழுந்து நின்றாள். வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. இடது கையில் கம்பை ஊன்றிக்கொண்டு, வலது கையால் அந்தப் பழைய கறுப்புக் குடையை விரித்துத் தலைக்கு மேலே பிடித்தாள்.